ஒலிபெருக்கியின் ஓம் கணக்கு

பாஞ்சாலங்குறிச்சியில் ஆண்டுதோறும் மே மாதத்தில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நடைபெறுகிறது. ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று கரிசற்காட்டின் நாற்புறத்திலிருந்தும் மக்கள் அங்குத் திரளுவர். ஜோதி ஏந்தி ஓடிவருவோர் உண்டு. வேனிலும் காரிலும் வருவோர் அவரினும் மிகுதி. பழைய கோட்டை 1799இலும் 1801இலும் வெள்ளையர் கைப்பட்டு, இறுதியில் தரைமட்டமாக்கப்பட்டது. 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே இன்று நாம் காண்பது. ஆனால் அந்த மண்ணில் அழியாது நின்ற ஒன்று உண்டு. அது தேவராட்டத்துக்கு முழங்கும் தேவதுந்துபியின் ஒலி. காதால் கேட்பதற்கு முன்பே நெஞ்சாங்கூட்டில் உணரப்படும் ஒலி அது.

அந்த நெஞ்சதிர்வைத்தான் இன்று இளைஞர்கள் காரின் பின்பகுதியில் ஒரு மரப்பெட்டிக்குள் அடைக்க முயல்கின்றனர். சப்-ஊஃபர் என்று பெயர் பெற்ற பெரிய ஒலிபெருக்கியை வாங்குகின்றனர். அதை இயக்க ஆம்ப்ளிபயர் ஒன்றையும் வாங்குகின்றனர். இரண்டும் நல்ல பொருள்களாகவே இருக்கும், விலையும் குறைவன்று. ஆயினும் புறப்பட்ட அரைமணி நேரத்தில் ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுபோவதும், சில வேளை புகை நாற்றம் எழுவதும், கொடுத்த பணம் சாம்பலாவதும் உண்டு. கடைக்காரரைக் குறை கூறுவோர் பலர். ஒலிபெருக்கியின் முதுகில், காந்தத்தின்மேல் ஒட்டியிருக்கும் சிறு எண்ணைப் படித்துப் பார்ப்போர் சிலரே. 2 ஓம், 4 ஓம், 8 ஓம் என்று அங்கே எழுதியிருக்கும். இன்றைய பேச்சு அந்த எண்ணைப் பற்றியது.

முதலில் சப்-ஊஃபர் ஏன் அத்தனை திறனை விழுங்குகிறது என்பதைக் காண்போம். மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்க வல்லது. இவற்றுள் அடிமட்டத்திலுள்ள 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையான பகுதியே சப்-ஊஃபரின் வேலை. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு ஒலியழுத்தம் வேண்டுமாயின், கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். நாதசுரத்தின் ஒலிக்குச் சிறு ஒலிபெருக்கி போதும். துந்துபியின் ஒலிக்கு அகன்ற கூம்பும் வலிய உந்தலும் வேண்டும். அது மட்டுமன்று, தாழ்ந்த ஒலிகளுக்கு நம் செவி இயல்பிலேயே மந்தமானது. அந்த மந்தத்தையும் ஈடுசெய்தாக வேண்டும்.

அந்த உந்தலைத் தருவது எது? கூம்பின் அடியில் மெல்லிய செப்புக்கம்பியால் சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. வாய்ஸ் காயில் என்று பழுது பார்ப்போர் கூறும் இதனைக் குரற்சுருள் என்று நாம் அழைக்கலாம். வலிய காந்தம் ஒன்றின் குறுகிய இடுக்கில் அது மிதந்து நிற்கும். ஆம்ப்ளிபயரிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டம் சுருளில் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் தள்ளப்படும், கூம்பும் உடன் அசையும், காற்று அதிரும். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் வகுத்துத் தந்த அமைப்பு இது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

சுருள் செப்புக் கம்பியாதலால் அதற்கு மின்தடை உண்டு. ஓடும் மின்சாரத்துக்கும் அழுத்தத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவை ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். அதனால் அவர் பெயரே அளவின் பெயராயிற்று. ஆனால் ஒலிபெருக்கியில் பாய்வது மாறுதிசை மின்னோட்டம். சுருள் காந்தப்புலத்தில் அசையும்போது தானே ஒரு மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் உண்டாக்குகிறது. சுருளாக இருப்பதனால் வேறொரு மறுப்பும் சேர்கிறது. இவையனைத்தும் கூடி விளைவிக்கும் மொத்த எதிர்ப்பையே மின்னெதிர்ப்பு என்கிறோம். இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைட், ஆண்டு 1886. இதற்கும் அளவை ஓம்தான்.

இந்த வேறுபாடு ஏட்டுக் கல்வி என்று தள்ளத்தக்கதன்று. 4 ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். முள் பெரும்பாலும் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டும். பொருள் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்க ஓடியவர்களும் உண்டு. மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான தடையை மட்டுமே. உண்மையில் பாட்டு ஓடும்போது அந்த எதிர்ப்பு நிலையாக நிற்பதில்லை. கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு நேரும் அதிர்வெண்ணில் அது இருபது, முப்பது ஓம் என்றும் அதற்கு மேலும் எழும்பும். சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் மீண்டும் தாழும். அங்ஙனம் தாழும்போது, எழுதிய எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழுவின் விதி. ஆகவே 4 ஓம் என்பது 3.2 ஓம் வரை தாழ இடமுண்டு. ஓர் எண்ணால் ஒரு மேடுபள்ளத்தைக் குறிப்பிடுகிறார்கள், அவ்வளவே.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஓம் எண் சிறிதாக இருந்தால் ஆம்ப்ளிபயருக்குச் சுமை சிறிது என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைச் சிறிதாகத் திறந்தால் நீர் அளவாகப் பாயும். அகலத் திறந்தால் வெள்ளமாகப் பாயும். மடைச் சுவரின் கல் பெயரும். மின்னெதிர்ப்பு குறைவது மடை அகலத் திறப்பதை ஒக்கும். எதிர்ப்புக் குறையக் குறைய மின்னோட்டம் பெருகும். பெருகிய ஓட்டம் முழுவதையும் தாங்கி நிற்க வேண்டியது ஆம்ப்ளிபயர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆம்ப்ளிபயர் 20 வோல்ட் தருகிறது என்று கொள்க. 8 ஓம் ஒலிபெருக்கியில் 2.5 ஆம்பியர் ஓடும். திறன் 50 வாட். 4 ஓமில் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓமில் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓமில் 20 ஆம்பியர், 400 வாட். ஒலிபெருக்கியை மாற்றியதனாலேயே திறன் எட்டு மடங்கு ஆகிவிட்டதே, இதைவிட மலிவான வழி ஏது என்று ஒரு மாணவர் கேட்கலாம். தாளில் அது உண்மை. ஆனால் 20 ஆம்பியரைக் கடத்த வல்ல டிரான்சிஸ்டர்களும், அதனை ஊட்ட வல்ல மின்வழங்கியும், அவற்றின் வெப்பத்தைக் கலைக்க வல்ல அலுமினியத் தகடும் உள்ளே இருக்கின்றனவா? இல்லையாயின், நல்ல கருவியாக இருந்தால் காப்புச் சுற்று விழித்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டி ஒலியை நிறுத்தும். மலிவான கருவியாக இருந்தால் டிரான்சிஸ்டர் கருகும். சில வேளை அது கருகும்போது நேர்மின்னழுத்தம் முழுவதையும் குரற்சுருளின்மேல் கொட்டி, ஒலிபெருக்கியையும் உடன்கட்டை ஏற்றிவிடும்.

ஒலிபெருக்கியையும் ஆம்ப்ளிபயரையும் பொருத்துதல் என்ற சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. அது வால்வுகளின் காலத்துச் சொல். இந்தக் கரிசற்சீமையில் திருமணமாயினும் கோவில் கொடையாயினும் மைக்செட்காரர் வந்து மரத்திலும் மச்சிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார். 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்தின் வசனம் அக்குழாய்களின் வழியே கிஸ்தி, திரை, வரி என்று முழங்காத விழா இப்பக்கத்தில் அரிதாக இருந்தது. அந்நாளைய ஆம்ப்ளிபயரில் வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மின்மாற்றி இருக்கும். வால்வு உயர்ந்த அழுத்தத்தில் சிறிய ஓட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கியோ தாழ்ந்த அழுத்தத்தில் பெரிய ஓட்டத்தை வேண்டுவது. இரண்டையும் இணக்கி வைப்பது அந்த மின்மாற்றி. அதன் வெளிமுனைகளில் 4, 8, 16 என்று பொறித்திருப்பார்கள். 16 ஓம் குழாய் ஒன்று என்றால் 16 என்ற முனையில் கட்ட வேண்டும். அத்தகைய இரண்டு குழாய்களைப் பக்க இணைப்பில் கட்டினால் 8 என்ற முனையில். நான்கு என்றால் 4 என்ற முனையில். இயற்பியல் நூல் படிக்காத மைக்செட்காரரும் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்.

அவர் அறிந்திருந்த இன்னொரு கணக்கு இதைவிட நுட்பமானது. விழாப் பந்தலிலிருந்து 300 மீட்டர் தொலைவிலுள்ள ஊர் எல்லைக்குக் குழாய் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போகவர 600 மீட்டர் கம்பி. அரைச் சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியாயின் அதன் தடையே ஏறத்தாழ 20 ஓம். கடைசியில் தொங்கும் குழாயோ 16 ஓம். அப்படியானால் அனுப்பிய திறனில் பாதிக்கு மேல் கம்பியிலேயே வீணாகிவிடும்! இதற்குக் கண்ட வழிதான் 100 வோல்ட் வரிசை. ஆம்ப்ளிபயரில் ஒலியழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயின் அருகிலும் ஒரு சிறு மின்மாற்றியால் இறக்கிக்கொள்வது. 10 வாட் எடுக்கும் குழாய் அப்போது வரிசைக்கு 1,000 ஓம் போலத் தோன்றும். ஆயிரத்துக்கு முன்னே கம்பியின் 20 ஓம் எம்மாத்திரம்? அத்தகைய பத்துக் குழாய்களைப் பக்க இணைப்பில் கட்டினால் மொத்தம் 100 ஓம், 100 வாட். ஓம் கணக்கே மறந்து, வாட்டுகளைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் தொடங்கியபோது அங்கிருந்து மின்சாரத்தை உயரழுத்தக் கம்பிகளில் அனுப்பியதும் இதே நியாயத்தால்தான். அழுத்தம் உயர்ந்தால் ஓட்டம் குறையும்; ஓட்டம் குறைந்தால் கம்பியில் விழும் வெப்பம் குறையும். (அந்தக் குழாய்களின் ஆட்சி இப்போது தளர்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இதற்காக வருந்தமாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

டிரான்சிஸ்டர் வந்தபின் நிலைமை மாறியது. அதற்கு வெளியீட்டு மின்மாற்றி பெரும்பாலும் தேவையில்லை. அதன் சொந்த வெளியீட்டு எதிர்ப்பு ஓர் ஓமின் சிறு பின்னமே. இங்கேதான் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழும். தரும் கருவியின் எதிர்ப்பும் பெறும் கருவியின் எதிர்ப்பும் சமமாக இருந்தால் பெருமத் திறன் மாறும் என்று பாடத்தில் படித்தோமே, ஆம்ப்ளிபயரின் எதிர்ப்பு அரை ஓமுக்கும் கீழே இருக்க ஒலிபெருக்கிக்கு ஏன் 4 ஓம் என்று கேட்பார்கள். தேற்றம் பிழையன்று, அதைப் பொருத்தும் இடம்தான் வேறு. சமமாக இருந்தால் பாதித் திறன் தரும் கருவிக்குள்ளேயே வெப்பமாகும். வானொலி நிலையத்தில் ஒலிபரப்புக் கருவிக்கும் வான்கம்பிக்கும் இடையே எதிர்ப்புகளைக் கவனமாக இணக்குகிறார்கள். இணங்காவிடில் ஆற்றல் எதிரொலிபோலத் திரும்பி வந்துவிடும். காரின் ஆம்ப்ளிபயரில் அத்தகைய சமன்பாட்டை யாரும் நாடுவதில்லை. அங்கே பொருத்தம் என்பதன் பொருள் ஒன்றே: ஆம்ப்ளிபயர் தாங்க வல்ல மிகக் குறைந்த ஓம் எதுவோ, அதற்குக் கீழே சுமை இறங்கக் கூடாது. மேலே இருந்தால் கேடில்லை. திறன் குறையும், அவ்வளவே. விந்தை என்னவெனில், வால்வுக் கருவியைச் சுமையின்றி, அதாவது ஒலிபெருக்கி இணைக்காமல், உரக்க இயக்கினால் மின்மாற்றி சிதையும். டிரான்சிஸ்டர் கருவியோ சுமையின்றி இருப்பதைப் பொருட்படுத்தாது, முனைகள் ஒட்டிக்கொண்டால்தான் மாளும். பழைய மைக்செட்காரரின் அச்சமும் இன்றைய கார் இளைஞரின் அச்சமும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டியவை.

வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 8 ஓமாக இருக்க, காரில் மட்டும் ஏன் 4 ஓம் வழக்கமாயிற்று? காரின் பாட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். காரோடு வரும் சாதாரண ரேடியோ இந்த அழுத்தத்தையே நேராகப் பயன்படுத்துகிறது. அலையின் உச்சம் 14 வோல்ட்டைத் தாண்ட முடியாது; சராசரிக் கணக்கில் 10 வோல்ட். 8 ஓமில் அது 12.5 வாட், 4 ஓமில் 25 வாட். சிறு இழப்புகள் போக இருபது வாட்டுக்குச் சற்று ஏறக்குறையக் கிட்டும். அழுத்தத்தைக் கூட்ட வழியில்லாத இடத்தில் எதிர்ப்பைக் குறைத்துத் திறனைக் கூட்டினார்கள். சப்-ஊஃபருக்கு இந்த இருபது வாட் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே தனி ஆம்ப்ளிபயர் வேண்டியதாகிறது. அதன் உள்ளே உள்ள மாற்றி 12 வோல்ட்டை முப்பது, நாற்பது வோல்ட்டாக உயர்த்துகிறது.

ஆனால் ஆற்றல் வானத்திலிருந்து வருவதில்லை. 500 வாட் தரும் டி வகுப்பு ஆம்ப்ளிபயர் 80 விழுக்காடு பயனுடையது என்று கொண்டால், அது பாட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது ஏறக்குறைய 45 ஆம்பியர். பழைய முறை ஆம்ப்ளிபயரின் பயன் பாதியே எனில் 72 ஆம்பியர். முகப்பு விளக்கும் குளிர்சாதனமும் மின்விசிறியும் இதே மின்னாக்கியைத்தான் நம்பியிருக்கின்றன. இரவில் பேஸ் ஒலி அடிக்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு கண் சிமிட்டும் கார்களைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்ததன்று.

சப்-ஊஃபர்களை இணைக்கும் முறைக்கு வருவோம். தொடர் இணைப்பில் ஓம்கள் கூடும். இரண்டு 4 ஓம் தொடராக 8 ஓம். பக்க இணைப்பில், இரண்டும் சமமாயின், பாதியாகும்; இரண்டு 4 ஓம் பக்கமாக 2 ஓம். இது பள்ளிப் பாடம். ஆனால் சப்-ஊஃபர்கள் பலவற்றில் ஒரே கூம்பின் அடியில் இரண்டு குரற்சுருள்கள் இருக்கும் என்பதைப் பள்ளிப் பாடம் கூறுவதில்லை. இரட்டைச் சுருள் 4 ஓம் என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு சுருளும் 4 ஓம் என்று பொருள். இரண்டையும் தொடராகக் கட்டினால் அந்த ஒலிபெருக்கி 8 ஓம். பக்கமாகக் கட்டினால் 2 ஓம். ஒரே பொருள், கட்டும் கையைப் பொறுத்து நான்கு மடங்கு வேறுபடுகிறது! சுருள் ஒன்றின் நேர்முனையையும் மற்றதன் எதிர்முனையையும் மாற்றிக் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். கூம்பு அசையாது, ஒலி வராது, சுருள்கள் மட்டும் சூடேறும்.

இரண்டு வாயில்களை ஒன்றாக்கிப் பாலமிட்டு இயக்கும் முறையும் ஒன்று உண்டு, பிரிட்ஜ் என்பர். அப்போது ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் இரண்டு வாயில்கள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒலிபெருக்கியின் ஓம் பாதியாகவே தோன்றும். வாயில் ஒன்றுக்கு 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிபயரைப் பாலமிட்டால் 4 ஓமுக்குக் கீழே போகலாகாது. இதனை அறியாது பாலமிட்ட ஆம்ப்ளிபயரில் 2 ஓம் சுமையைக் கட்டுவது, ஒரு வாயிலில் 1 ஓமைக் கட்டுவதற்குச் சமம். நான் அறிந்தவரை ஆம்ப்ளிபயர்கள் கருகுவதற்கு இதுவே மிகப் பொதுவான வழி.

வாட் எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று அச்சிட்டிருப்பது இமைப்பொழுது உச்சத் திறன். அதை அட்டையோடு எறிந்துவிடலாம். உள்ளே கையேட்டில் ஆர்.எம்.எஸ். என்று குறித்த தொடர்த் திறனே கணக்கில் கொள்ளத்தக்கது. அதுவும் எத்தனை ஓமில் என்று எழுதியிருந்தால் மட்டுமே. ஓம் கூறாத வாட் எண், படி எது என்று கூறாத நெல் விலை போன்றது.

திறன் குறைந்த ஆம்ப்ளிபயரானால் ஒலிபெருக்கிக்குத் தீங்கில்லை என்று கருதுவதும் முழு உண்மையன்று. சிறிய ஆம்ப்ளிபயரைத் தாங்காத அளவுக்குத் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகும். உச்சம் ஒன்றாக இருப்பினும் தட்டை அலையின் திறன் வளைந்த அலையின் திறனைப்போல் இரு மடங்கு. 100 வாட் கருவி அவ்வாறு 200 வாட் வரை தரக்கூடும். சுருள் சூடேறும். செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு உயர்வது. சுருள் 100 பாகை சூடேறினால் 3.4 ஓம் 4.7 ஓமாகும், ஓட்டம் குறையும், ஒலி மங்கும். ஒலி மங்கியதைக் கண்டு வண்டியில் இருப்பவர் இன்னும் திருகுவார். மே மாதத்தில் கரிசற்காட்டு வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள், பின்பகுதியில், கம்பளத்துக்கும் பெட்டிக்கும் இடையே செருகப்பட்ட ஆம்ப்ளிபயர் ஒலி தொடங்குமுன்பே கொதித்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக் காற்று ஓட இடம் விடுவது செலவில்லாத வைத்தியம்.

தீ விபத்து பெரும்பாலும் ஆம்ப்ளிபயரில் தொடங்குவதில்லை. அதற்குப் போகும் கம்பியில் தொடங்குகிறது. பாட்டரி முன்னே, ஆம்ப்ளிபயர் பின்னே. இடையே 5 மீட்டர். வீட்டுக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்து 50 ஆம்பியர் ஓடவிட்டால், 1.7 வோல்ட் அழுத்தம் வழியிலேயே இழக்கப்படும்; 86 வாட் வெப்பம் கம்பளத்தின் அடியில் கிளம்பும். 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் அதே ஓட்டத்துக்கு இழப்பு கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். பாட்டரி முனையிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிபயரை அன்று, கம்பியை. கதவிடுக்கில் உறை தேய்ந்து கம்பி காரின் உடலைத் தொட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் ஆம்ப்ளிபயரின் அருகில் மட்டும் இருந்தால், வழியில் நேரும் அத்தீயை அது தடுக்காது. ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடுவோரும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவைப்போரும் தம் வண்டியைத் தாமே கொளுத்துகிறவர்கள். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன கோவில்பட்டிப் பக்கத்தில் தீயைப் பற்றி நான் அதிகம் கூற வேண்டியதில்லை.

முடிவாக ஓர் உண்மையான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இளைஞரிடம் இரண்டு சப்-ஊஃபர்கள் உள்ளன. இரண்டும் இரட்டைச் சுருள் 4 ஓம், ஒவ்வொன்றும் 300 வாட் தாங்கும். ஆம்ப்ளிபயரின் கையேடு 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 600 வாட், 2 ஓமுக்குக் கீழே ஆகாது என்கிறது. 600 வாட்டையும் பெற அவர் 2 ஓம் சுமையை ஆக்க விரும்புகிறார். நான்கு சுருள்களையும் பக்கமாகக் கட்டினால் 1 ஓம்; ஆம்ப்ளிபயர் கருகும். ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடராக்கி, இரண்டு ஒலிபெருக்கிகளையும் பக்கமாகக் கட்டினால் 4 ஓம். சுருள்களைப் பக்கமாக்கி ஒலிபெருக்கிகளைத் தொடராக்கினாலும் 4 ஓம்தான். எல்லாவற்றையும் தொடராக்கினால் 16 ஓம். நான்கு சுருள்களும் சமமாக உழைக்கும்படி எப்படிப் புரட்டினாலும் 2 ஓம் வாராது. அந்த எண் வேண்டுமாயின் அவர் வாங்கும்போதே இரட்டைச் சுருள் 2 ஓம் உடையனவாக வாங்கியிருக்க வேண்டும். ஒரே ஒலிபெருக்கியை 2 ஓமாகக் கட்டி மற்றதை வீட்டில் வைத்துவிடலாமே எனின், 300 வாட் தாங்கும் பொருளின்மேல் 600 வாட் ஏறும்.

அவர் 4 ஓமில் கட்டி 300 வாட்டோடு அமைய வேண்டும். பாதி போயிற்றே என்று வருந்துவார். திறன் பாதியாவது செவிக்கு 3 டெசிபல் குறைவு. கவனித்துக் கேட்டால் தெரியும் வேறுபாடு, பாதி ஒலி என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒலி இரு மடங்காகத் தோன்றத் திறன் பத்து மடங்கு வேண்டும். மேலும், தாழ்ந்த ஒலியில் இரண்டு கூம்புகள் அருகருகே சேர்ந்து ஒரே தாளத்தில் அசையும்போது, அதே மொத்தத் திறனுக்கு ஒரு கூம்பு தருவதைவிட ஏறக்குறைய 3 டெசிபல் மிகுதியாகத் தருகின்றன. ஆகவே ஒவ்வொன்றும் 150 வாட் மட்டுமே பெறும் அந்த இரண்டும், 600 வாட்டை விழுங்கும் ஒன்றுக்கு ஏறக்குறைய ஈடாக முழங்கும்; பாட்டரியிலிருந்து இழுக்கும் ஓட்டமோ பாதிதான்.